ஒரே காற்றின் இரு கரைகள்

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. அன்று அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. இங்கே கியா பார்மில் நாம் வழக்கம்போல் கடையைத் திறந்தோம். காய்கறி லாரிகள் கிளம்பின. ஆனால் அன்று ஜும்ஆவுக்கு வந்தவர்களில் பலரின் கண் கைபேசியிலேயே இருந்தது. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, தோப்புத்துறை, நாகூர் என்று எந்த எண்ணுக்குப் போட்டாலும் லைன் கிடைக்கவில்லை. மறுநாள் கிடைத்த முதல் அழைப்பில் ஒரு தாயார் மகனிடம் சொன்னது இதுதான்: "நாங்க எல்லாரும் சுகமா இருக்கோம் வாப்பா. தோப்புதான் இல்ல."

அந்தத் தோப்பு சபுராளியாக இந்த நாட்டுக்கு வந்தவர் முப்பது ஆண்டு ரொட்டி சானாய் வீசி, தே தாரே ஆற்றி, வெள்ளி வெள்ளியாகச் சேர்த்து வாங்கியது. ஒரே இரவில் அது சாய்ந்தது. சங்கத்தில் நிதி திரட்டினோம், அனுப்பினோம். அந்த வேலைகள் ஓய்ந்த பிறகுதான் ஒரு செய்தி நம்மைச் சுட்டது. கஜா புறப்பட்ட இடம் நமக்குப் பக்கத்துக் கடல். நவம்பர் 8ஆம் தேதி வாக்கில் தாய்லாந்து வளைகுடாவில் ஒரு தாழ்வழுத்தமாக அது தோன்றியது. மலாய்த் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து அந்தமான் கடலுக்குள் இறங்கியது. 10ஆம் தேதி வலுப்பெற்றது. அப்படியே மேற்கே நடந்து நம் ஊரை அடைந்தது. சபுராளி ஊர் திரும்பும் அதே திசை, ஏறக்குறைய அதே வழி.

பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று குழு கேட்டபோது, சங்கம் தொடங்கிய கதையை மற்றவர்கள் எழுதுவார்கள் என்று விட்டுவிட்டு, இந்தக் காற்றின் கதையை எழுத முடிவு செய்தோம். நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும், நம் தோப்பைச் சாய்த்ததும் ஒரே காற்றோட்டம்தான் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள்

நம் முன்னோருக்குக் காற்று என்றால் ஒரே பொருள் கிடையாது. வடக்கே இருந்து வருவது வாடை. கிழக்கே இருந்து வருவது கொண்டல். தெற்கே இருந்து தென்றல். தென்மேற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, நாகூர், பரங்கிப்பேட்டைக் கடலோடிகளுக்கு இவை கவிதைச் சொற்கள் ஆகா, தொழிற்சொற்கள். எந்தக் காற்றில் பாய் விரிப்பது, எந்தக் காற்றில் கப்பலைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது என்பதெல்லாம் இந்தப் பெயர்களுக்குள் அடங்கியிருந்தன.

அரபு மாலுமிகள் இதையே 'மவ்ஸிம்' என்றார்கள். குறித்த பருவம் என்று பொருள். மலாய் மொழியில் நாம் அன்றாடம் சொல்லும் 'மூசிம்' அதிலிருந்து வந்தது. ஐரோப்பியர் 'மான்சூன்' என்று எழுதியதும் அதே சொல்தான். மலாய்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், உலகத்தையே காற்றை வைத்துப் பிரித்தார்கள். தங்கள் நாடு 'பாவா ஆஙின்', காற்றுக்குக் கீழே உள்ள நாடு. இந்தியா, அரபு நாடுகள் எல்லாம் 'ஆத்தாஸ் ஆஙின்', காற்றுக்கு மேலே உள்ள நாடுகள். நம் முன்னோர் அவர்கள் கண்ணுக்குக் காற்றின் மேல்புறத்திலிருந்து வந்தவர்கள்.

பிறை மாதம் பருவத்தோடு நிற்காது. ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். ஆகவே வணக்கத்துக்குப் பிறை மாதம், கடலுக்குத் தமிழ் மாதம் என்று இரண்டு கணக்கையும் நம்மவர் கைக்கொண்டனர். தென்மேற்குக் காற்று இருக்கும்போது கிழக்கே கெடாவுக்கும் ஆச்சேவுக்கும் மலாக்காவுக்கும் ஓடுவது. வடகிழக்குக் காற்றில் திரும்புவது. நடுவே ஐப்பசி, கார்த்திகையில் சோழமண்டலக் கரையில் கப்பல் நங்கூரமிட்டு நிற்பதைத் தவிர்த்தார்கள். அந்த மாதங்களில் அந்தக் கரை கப்பல்களை உடைத்துப் போடும் என்பதை அனுபவம் சொல்லியிருந்தது.

1786இல் பினாங்கு ஆங்கிலேயர் கைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பல்களில் வந்துபோவதாக பிரான்சிஸ் லைட் 1794இல் எழுதினார். அந்தக் கப்பல்களுக்கு எந்திரம் இல்லை, காற்று மட்டுமே. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூரின் பெயரால் எழுந்த நினைவிடங்கள், கடலில் உயிர் தப்பி வந்தவர்களின் மனத்தைச் சொல்லும் கட்டடங்கள். பிறகு நீராவிக் கப்பல் வந்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா, நம் பாட்டன்மார்களை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் கிள்ளானுக்கும் ஏற்றி இறக்கியது. அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985இல் அக்கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் முடிந்தது. விமானத்தில் ஏறிய பிறகு நமக்குக் காற்றின் பெயர்கள் தேவைப்படவில்லை. மெல்ல மறந்தோம்.

ஆடியில் அம்மி, ஐப்பசியில் புயல்

'ஆடிக்காற்றில் அம்மியும் நகரும்' என்பார்கள். காற்று அதிகம் வீசுவது ஆடியில். ஆனால் தமிழகக் கரையைப் புயல் தாக்குவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். 1952 நவம்பர் 30, 1955 டிசம்பர் 1, 1964 டிசம்பர் 22, 1977 நவம்பர் 12 என்று நம் பெரியவர்கள் சொல்லும் புயல்களின் தேதியைப் பாருங்கள். காற்று பலமாக வீசும் மாதத்தில் ஏன் புயல் இல்லை?

இங்கேதான் காற்றோட்டத்தின் கணக்கு வருகிறது. ஆடியில் கீழே மேற்கிலிருந்து பலத்த காற்று; பன்னிரண்டு, பதினான்கு கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து அதைவிடப் பலத்த காற்று. புயல் என்பது கடல் மட்டத்திலிருந்து வானுச்சி வரை நிமிர்ந்து நிற்க வேண்டிய ஒரு தூண். அடிப்பக்கத்தை ஒரு கை ஒரு பக்கமும், தலைப்பக்கத்தை மற்றொரு கை எதிர்ப்பக்கமும் இழுத்தால் தூண் நிற்காது. மேலும் அந்த மாதங்களில் பருவக்காற்றின் தாழ்வழுத்தப் பள்ளம் வட இந்தியாவின் நிலத்துக்கு மேலே கிடக்கும்.

ஐப்பசியில் நிலைமை மாறுகிறது. அந்தப் பள்ளம் தெற்கே இறங்கி வெதுவெதுப்பான வங்காள விரிகுடாவுக்கு மேலே வந்து கிடக்கிறது. மேலும் கீழும் காற்றின் இழுபறி தளர்கிறது. வடக்கே இருந்து வாடையும், நிலநடுக்கோட்டுப் பக்கமிருந்து மேல்காற்றும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் உரசிப் போகின்றன. தயிர்ப்பானையில் மத்தைக் கயிறு போட்டு இரு பக்கமும் இழுத்தால் மத்து சுழல்வது போல, நடுவிலுள்ள காற்று சுழலத் தொடங்குகிறது. பூமியின் சுழற்சி அதற்கு மேலும் முறுக்கேற்றுகிறது. கடலின் சூடு தீனி போடுகிறது.

பிறந்த புயல் எந்தக் கரைக்குப் போகும் என்பதையும் பெரிய காற்றோட்டமே முடிவு செய்கிறது. நவம்பர், டிசம்பரில் விரிகுடாவுக்கு மேலே, பல கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு மேற்காக ஓர் உயர் அழுத்த முகடு நீண்டு கிடக்கும். அதன் தென்புறத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். ஆற்றில் மிதக்கும் கட்டை போலப் புயல் அந்த ஓட்டத்தில் மிதந்து வரும். முகடு முறியாமல் கிடந்தால் புயல் தமிழகத்துக்கோ இலங்கைக்கோ வரும். முகட்டில் இடைவெளி விழுந்தால் வடக்கே திரும்பி ஆந்திரா, ஒடிசா, வங்காளம் என்று போகும்.

மலாயா வழியாக ஊருக்குப் போன புயல்கள்

கஜா ஒரு விதிவிலக்கு என்று எண்ணிவிட வேண்டாம். தென்சீனக் கடலில் எழும் கலக்கம் கிழக்குக் காற்றில் மிதந்து, இந்தத் தீபகற்பத்தின் ஒடுங்கிய இடுப்பைத் தாண்டி, வங்காள விரிகுடாவில் இறங்கி மறுபடி உயிர்பெறுவது பழைய வழக்கம்.

1970 நவம்பரில் தென்சீனக் கடலில் இருந்த நோரா என்ற புயலின் மிச்சம் தீபகற்பத்தைக் கடந்தது. விரிகுடாவில் அடுத்து உருவான புயலுக்கு அது வித்தானது. முகடு விலகியிருந்ததால் அது வடக்கே திரும்பி, நவம்பர் 12ஆம் தேதி இரவு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா பகுதியைத் தாக்கியது. குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டார்கள். பதிவான புயல்களில் அதிக உயிர் குடித்தது அதுவே. 1989இல் தாய்லாந்து வளைகுடாவில் பிறந்த கே புயல், நவம்பர் 4 அன்று சும்போனில் கரையேறி, தீபகற்பத்தைத் தாண்டி, மறுபடி வெறிகொண்டு, ஆந்திராவில் காவலி அருகே மோதியது.

1964இன் புயல் தென் அந்தமான் கடலில், சுமத்திராவுக்கும் தாய்லாந்துக்கும் மேற்கே, டிசம்பர் 17ஆம் தேதி தோன்றியது. நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு அருகில் அது புயலாக முதிர்ந்ததே அபூர்வம். மேற்கே நேராக ஓடி, வட இலங்கையைக் கடந்து, 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை அழித்தது. ஏழு மீட்டர் உயரத்துக்குக் கடல் எழுந்ததாகச் சொல்கின்றன பதிவுகள். பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில், நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அலைக்குள் போனது. தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் துறையாக இருந்த அந்த ஊர் மீண்டும் ஊராகவே இல்லை.

அந்தக் காலத்தில் கரைக்குக் கிடைத்த எச்சரிக்கை, துறைமுகக் கம்பத்தில் ஏறும் கூண்டு. கல்கத்தாவில் 1865இல் தொடங்கியது அந்த முறை. எத்தனாம் எண் கூண்டு என்று ஊரே அண்ணாந்து பார்க்கும். இன்று அதே வேலையைச் செயற்கைக்கோள் பல நாள் முன்பே செய்கிறது. கஜாவுக்கு முன் 80,000க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்கு மாற்ற முடிந்தது அதனால்தான். மனிதர்களை நகர்த்தலாம். தென்னையை நகர்த்த முடியாது.

புயலே வராத நாடா?

"மலேசியாவுக்குப் புயல் வராது" என்று நாம் ஊருக்குப் பெருமையாகச் சொல்வதுண்டு. பெரும்பாலும் உண்மைதான். ரொட்டி சானாய் மாவு விரிய வேண்டுமானால் வீசுகிறவரின் மணிக்கட்டு திரும்ப வேண்டும். புயலுக்கு அந்தத் திருப்பத்தைக் கொடுப்பது பூமியின் சுழற்சி. நிலநடுக்கோட்டில் அந்தத் திருப்பம் ஏறக்குறைய பூச்சியம். ஆகவே ஐந்து டிகிரிக்குள் புயல் பிறக்காது என்பது பாடப்புத்தக விதி.

2001இல் அந்த விதி உடைந்தது. நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம் ஆகவில்லை. சைபீரியாவில் தேங்கியிருந்த குளிர்காற்று பொங்கி வழிந்து தென்சீனக் கடல் நெடுகத் தெற்கே பாய்ந்தது. வடகிழக்குப் பருவத்தில் இப்படிப் பாய்வது வழக்கம். போர்னியோவின் மேற்குக் கரையோரம் மெல்லச் சுழலும் காற்றுச்சுழி ஒன்று இருப்பதும் வழக்கம். அந்த ஆண்டு அந்தச் சுழி நிலத்தை விட்டு நகர்ந்து, போர்னியோவுக்கும் தீபகற்பத்துக்கும் நடுவே உள்ள குறுகிய கடலில் வந்து நின்றது. குளிர்காற்று விடாமல் பாய்ந்து அதைச் சுற்றி வளைத்தது. பூமி கொடுக்காத திருப்பத்தைக் காற்றே கொடுத்தது. டிசம்பர் 26, 27 தேதிகளில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரை டிகிரியில், வாமெய் என்ற சூறாவளி பிறந்து ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. அவ்வழியே சென்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் சேதமடைந்தன. ஜொகூரிலும் நம் பகாங்கிலும் வெள்ளம். குனோங் பூலாயில் மண்சரிவு. ஐந்து உயிர்கள் போயின. இத்தகைய கூட்டு அந்த இடத்தில் 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறையே அமையும் என்று பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அரிது என்பது வேறு, இல்லை என்பது வேறு. 1996 டிசம்பரில் கிரேக் என்ற புயல் சபாவில் 200க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 1880களில் கிளந்தானில் வீசிய பெருங்காற்று பல நூறு சதுர கிலோமீட்டர் காட்டை வீழ்த்தியது. பின்னர் அங்கே வளர்ந்த காட்டை வனத்துறையினர் 'புயல் காடு' என்றே அழைத்தார்கள்.

மேற்குக் கரைக்கு வேறு காற்று. தென்மேற்குப் பருவத்தில், இரவில் சுமத்திரா மலைகளிலும் மலாக்கா நீரிணையிலும் திரளும் இடிமேகங்கள் வரிசை கட்டி, சுபுஹுக்கு முன்பாக நம் கரையில் ஏறும். 'சுமத்திராஸ்' என்று பெயர். ஒன்று இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் 1984 ஏப்ரல் 25 அன்று சிங்கப்பூரின் தெங்கா நிலையத்தில் அப்படியொரு காற்று மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது.

கியா பார்மில் நாம்

வானிலை அலுவலகங்களில் பருவக்காற்றின் போக்கைப் பார்க்க ஒரு குறிப்பிட்ட உயரத்தின் வரைபடத்தை விரிப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். கீழே நிலத்தின் உராய்வு இல்லாமல் காற்றின் உண்மையான ஓட்டம் தெரிவது அங்கேதான். கியா பார்ம் இருப்பது ஏறக்குறைய அந்த உயரத்தில். அவர்கள் காகிதத்தில் பார்க்கும் காற்று நம் வாசல் வழியே போகிறது.

டிசம்பரிலும் ஜனவரியிலும் கிழக்கே குவாந்தான் கடலைத் தாண்டி வரும் குளிர்காற்று திதிவங்சா மலைத்தொடரில் மோதி மேலேறும். முகட்டையும் கணவாயையும் நெருங்கும்போது வழி குறுகுவதால் வேகம் கூடும். கேமரன் மலையின் மிகக் குறைந்த வெப்பநிலை, 7.8 டிகிரி, 1978 பிப்ரவரி 1இல் பதிவானது, வடகிழக்குப் பருவத்தில்தான்.

1929இல் போ தோட்டம் தொடங்கியதிலிருந்து நம் தமிழ்த் தொழிலாளர்கள் சரிவுகளில் நட்ட தேயிலை, இடுப்பளவு உயரத்தில் மண்ணை இறுகப் பிடித்து நிற்கும். காற்று அதன் தலையைத் தடவிவிட்டுப் போகும். இன்று கியா பார்மைச் சுற்றி மலையெங்கும் பிளாஸ்டிக் கூரைகள். காய்கறிக்கும் பூவுக்கும் அவை வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் காற்றுக்கு அது பாய் விரித்த மாதிரி. கூரை பிய்ந்தால் பொருள் நட்டத்தோடு போகும். கூரையிலிருந்து ஓடும் நீர் முழுவதும் மண்ணுக்குள் இறங்காமல் ஒரே கால்வாயில் பாய்வதுதான் பெரிய ஆபத்து. 2013 அக்டோபரிலும் 2014 நவம்பரிலும் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பக்கம் வெள்ளமும் சேறும் உயிர்களைக் கொண்டு போனதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். நம் மலைக்குப் புயலின் கண் வர வேண்டியதில்லை. அதன் மழை வந்தாலே போதும்.

அடுத்த ஐம்பது ஆண்டுக்கு

ஒரே காற்று என்றாலும் இரு கரைகளையும் அது ஒரே மாதிரி நடத்துவதில்லை. பசிபிக் கடலின் நடுப்பகுதி குளிரும் லா நினா ஆண்டுகளில் இங்கே கிழக்குக் கரையில் மழை கூடும். தமிழகத்தின் ஐப்பசி மழைக்கோ, அக்கடல் சூடாகும் எல் நினோ ஆண்டுகளே பெரும்பாலும் அனுகூலம். இதற்கு மேல், முப்பது முதல் அறுபது நாளுக்கு ஒருமுறை இந்தியப் பெருங்கடலிலிருந்து கிழக்கே நகரும் மேகத்திரள் அலை ஒன்றும் உண்டு. அது மேலே வரும் வாரங்களில் புயல் பிறக்க வாய்ப்பு ஏறும். இவையெல்லாம் இன்று எவரும் கைபேசியில் பார்க்கக்கூடிய செய்திகள். பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

ஆகவே பொன்விழாக் குழுவின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, ஆண்டுதோறும் ஐப்பசி பிறந்ததும் நடக்கும் சங்கக் கூட்டத்தில் நம் இளைஞர் ஒருவர் எழுந்து அந்தப் பருவத்தின் காற்று நிலவரத்தைப் பத்து நிமிடம் சொல்லட்டும். தாய்லாந்து வளைகுடாவில் தாழ்வழுத்தம் என்று செய்தி வந்தால், ஊரில் உள்ளவர்களுக்கு ஒரு வார அவகாசம் உண்டு என்று பொருள். 2018இல் அந்த ஒரு வாரம் நம் கையிலும் இருந்தது. இங்கே பெய்த மழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தோம்.

இரண்டாவது, ஊரில் தோப்பு வைப்பவர்கள் இருக்கும் காசையெல்லாம் தென்னையிலேயே போடாமல், ஓரங்களில் பனையும் காற்றுத் தாங்கும் மற்ற மரங்களும் வைக்கட்டும். ஒரு தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதற்குள் மறுபடி ஐப்பசிகள் வரும். மூன்றாவது, இங்கே கூரை போடுகிறவர்கள் கால்வாயையும் சேர்த்துப் போடட்டும். நவம்பருக்கு முன் அதைத் தூர் வாரட்டும். கீழே பள்ளத்தாக்கில் இருப்பவர்களும் நமக்கு அண்டை வீட்டார்தான்.

அந்தத் தாயாரின் தோப்பில் பாதிக்கு மறுபடி கன்று வைத்தாகிவிட்டது. மீதியில் மாவும் பலாவும். வரப்போரம் பனங்கொட்டை ஊன்றியிருப்பதாக மகன் சொன்னார். அவை நிமிரும்போது இந்தச் சங்கத்தை நம் பேரப்பிள்ளைகள் நடத்திக்கொண்டிருப்பார்கள். காற்றின் பெயர்களை அவர்கள் நம்மிடமிருந்தே தெரிந்துகொள்ளட்டும். வல்ல நாயன் இரு கரைகளிலும் உள்ள நம் மக்களைக் காத்தருள்வானாக. ஆமீன்.